எந்த டிஸ்கில் ஏறியது கிரப்?

கேள்வி: என்னிடம் இருப்பது பத்து வருடத்துக்கும் மேலான லேப்டாப். லினக்ஸ் மின்ட் மட்டும்தான், விண்டோஸ் கிடையாது. இரண்டு வருடத்துக்கு முன் கடையில் கொடுத்து 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டேன். பழைய 500 ஜிபி ஹார்ட் டிஸ்கில் இருந்ததை அப்படியே குளோன் செய்து, பழைய டிஸ்கை டிவிடி டிரைவ் இருந்த இடத்தில் கேடி வைத்து மாட்டித் தந்தார்கள். அந்த டிஸ்கை ஃபார்மட் செய்து படம், பாட்டு, பிள்ளைகளின் பள்ளி வேலை எல்லாம் அதில் வைத்திருக்கிறேன்.

இப்போது மின்ட் 20இலிருந்து 21க்கு மாறினேன். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லி ரீஸ்டார்ட் கேட்டது. ரீஸ்டார்ட் செய்தால் கறுப்புத் திரை. ‘சிம்பல்’ என்று தொடங்கி, நடுவில் கிரப் என்று ஆரம்பிக்கும் ஏதோ ஒரு நீளப் பெயர், முடிவில் ‘நாட் ஃபவுண்ட்’. அதற்குக் கீழே ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று நின்றுவிட்டது. எஃப்12 அழுத்தி வரும் பட்டியலில் பழைய ஹார்ட் டிஸ்கைத் தேர்ந்தெடுத்தால் மின்ட் 21 ஒழுங்காக வந்துவிடுகிறது. எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுத்தால் அதே பிழை. லினக்ஸே இல்லாத டிஸ்கிலிருந்து லினக்ஸ் எப்படி வருகிறது? ‘அப்டேட்-கிரப்’ கட்டளையைப் பலமுறை கொடுத்தும் பயனில்லை. கடைக்காரர் ஃபார்மட் அடித்துப் புதிதாகப் போட்டுவிடலாம் என்கிறார். பூட் லோடரை முறையாக அப்கிரேட் செய்வது எப்படி? இல்லை, ஓடுகிறவரை ஓடட்டும் என்று விட்டுவிடலாமா?

— வாசகர், கோவில்பட்டி

பதில்: ஃபார்மட் வேண்டாம். உங்கள் மின்ட் 21 முழுசாக, நலமாக இருக்கிறது. எஃப்12 அழுத்திப் பார்த்தீர்களே, நோயைக் கண்டுபிடிக்க அந்த ஒரு தகவலே போதும். பூட் லோடரான கிரப் அப்கிரேட் ஆகிவிட்டது, ஆனால் தப்பான டிஸ்கில் ஏறிவிட்டது.

(கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில்தான் தட்ட வேண்டும்.)

கிரப் என்பதை ஒரே புரோகிராம் என்று நினைப்பதால்தான் இந்தக் குழப்பம். உங்களுடையது போன்ற பழைய பயாஸ் கம்ப்யூட்டரில் அது மூன்று இடங்களில் பரவிக் கிடக்கிறது. முதல் துண்டு டிஸ்கின் முதல் செக்டரில் உட்காரும். அந்தச் செக்டர் மொத்தமே 512 பைட். அதில் 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கு, 2 பைட் முத்திரைக்கு. மிஞ்சுவது 446 பைட். அவ்வளவு இடத்தில் பெரிதாக எதுவும் செய்ய முடியாது என்பதால், ‘அடுத்த துண்டு இங்கே இருக்கிறது, அதை ஏற்று’ என்று கைகாட்டுவதோடு அதன் வேலை முடிந்துவிடும். அந்த அடுத்த துண்டுக்குக் கோர் இமேஜ் என்று பெயர். முதல் செக்டருக்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் நடுவில் உள்ள காலி இடத்தில் அது இருக்கும். எந்த ஃபோல்டரிலும் தெரியாது, பார்ட்டிஷனை ஃபார்மட் செய்தாலும் அழியாது. மூன்றாவது, லினக்ஸின் ‘பூட்’ ஃபோல்டருக்குள் ‘கிரப்’ என்ற ஃபோல்டரில் இருக்கும் மாட்யூல்கள். நீங்கள் பார்க்கும் மெனுவை வரைவது, கெர்னலை ஏற்றுவது எல்லாம் இவற்றின் வேலை. மெனுவில் என்னென்ன வர வேண்டும் என்று சொல்லும் ‘கிரப்.சிஎஃப்ஜி’ கோப்பும் அதே ஃபோல்டரில்தான்.

கோர் இமேஜும் மாட்யூல்களும் ஒரே பதிப்பாக இருந்தாக வேண்டும். மாட்யூல் ஏறும்போது, கோருக்குள் இன்ன பெயரில் ஒரு ஃபங்ஷன் இருக்கும் என்று எதிர்பார்த்து அதைத் தேடும். கோர் பழையதாக இருந்தால் அந்தப் பெயரே அதற்குத் தெரியாது. ‘சிம்பல் நாட் ஃபவுண்ட்’ என்பதன் பொருள் இதுதான். நடுவில் வந்த பெயர் உங்களுக்கு நினைவில்லாவிட்டால் பரவாயில்லை. அது பதிப்புக்குப் பதிப்பு மாறும்.

இனி உங்கள் லேப்டாப்பில் நடந்ததைப் பார்ப்போம். மின்ட், உபுண்டு, டெபியன் மூன்றிலும் பயாஸ் கம்ப்யூட்டருக்கான கிரப் பேக்கேஜ் ‘கிரப்-பிசி’. இந்தப் பேக்கேஜ் ஒவ்வொரு முறை புதுப்பிக்கப்படும்போதும், எந்த டிஸ்கில் எழுத வேண்டும் என்பதைத் தன் குறிப்பில் பார்த்து அங்கே எழுதும். அந்தக் குறிப்பு முதன்முதலில் லினக்ஸ் போட்ட அன்று எழுதப்பட்டது. அதில் டிஸ்கின் மாடல் பெயரும் சீரியல் எண்ணும் இருக்கும். எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற பெயர்கள் டிஸ்கை இடம் மாற்றினால் மாறிவிடும் என்பதால் செய்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கடையில் குளோன் செய்தபோது அந்தக் குறிப்பும் சேர்ந்தே எஸ்எஸ்டிக்கு வந்துவிட்டது. எஸ்எஸ்டியில் ஓடும் மின்ட் இன்றைக்கும் பழைய ஹார்ட் டிஸ்கின் சீரியல் எண்ணைத்தான் தன் பூட் டிஸ்க் என்று நம்பிக்கொண்டிருக்கிறது. அந்த டிஸ்கும் கேடியில் உயிரோடு இருக்கிறது. ஆகவே மின்ட் 21க்கான புது கோர் எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் அதில் போய் எழுதப்பட்டது. மாட்யூல்கள் மட்டும் வழக்கம்போல எஸ்எஸ்டியில் உள்ள ‘பூட்’ ஃபோல்டருக்குப் போயின.

விளைவு, எஸ்எஸ்டியில் பூட் செய்தால் குளோன் செய்த அன்று இருந்த பழைய கோர் புது மாட்யூல்களைத் தேடிப் போய் முட்டிக்கொள்கிறது. பழைய டிஸ்கில் பூட் செய்தால் புது கோர் ஏறுகிறது. அதற்குள் ‘இன்ன அடையாள எண் உள்ள பார்ட்டிஷனில் மாட்யூல்கள் இருக்கின்றன’ என்ற தகவல் இருப்பதால் நேராக எஸ்எஸ்டிக்குப் போய், தன் பதிப்பு மாட்யூல்களையே எடுத்து மின்ட்டை ஏற்றுகிறது. லினக்ஸ் இல்லாத டிஸ்கிலிருந்து லினக்ஸ் வரும் மர்மம் இவ்வளவுதான். இப்போது அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க் பழுதானால் லேப்டாப் பூட்டே ஆகாது என்பதையும் கவனியுங்கள். சரிசெய்வதைத் தள்ளிப்போடாதீர்கள்.

‘அப்டேட்-கிரப்’ ஏன் உதவவில்லை? பெயரைப் பார்த்தால் கிரப்பையே புதுப்பிக்கும் கட்டளை போலத் தெரிகிறது. அது செய்வது மெனுக் கோப்பைப் புதிதாக எழுதுவது மட்டும். கெர்னல்களைத் தேடி, பட்டியல் போட்டு, ‘கிரப்.சிஎஃப்ஜி’யில் எழுதிவிட்டு ஒதுங்கிவிடும். கோரையும் தொடாது, மாட்யூல்களையும் தொடாது. டிஸ்கில் எழுதுவது ‘கிரப்-இன்ஸ்டால்’ என்ற வேறு கட்டளை. ‘அப்டேட்-கிரப்’பைவிட மோசமாகப் பெயர் வைத்த கட்டளை லினக்ஸில் குறைவு என்பேன்.

அதேபோல ரெஸ்க்யூ திரையில் ‘செட் பிரிஃபிக்ஸ்’, ‘இன்ஸ்மாட் நார்மல்’ என்று தட்டச் சொல்லும் வைத்தியமும் உங்களுக்குப் பலிக்காது. பார்ட்டிஷன் எண் மாறி, கிரப் தன் ஃபோல்டரைத் தொலைத்தவர்களுக்கான மருந்து அது. உங்கள் கிரப்புக்கு ஃபோல்டர் தெரிகிறது. உள்ளே போய் ஏற்றப் பார்க்கும் ‘நார்மல்’ மாட்யூலே வேறு பதிப்பு என்பதுதான் சிக்கல். எத்தனை முறை தட்டினாலும் அதே சிம்பல் பிழைதான் திரும்ப வரும்.

இனி சரிசெய்யும் வழி. எஃப்12 மூலம் பழைய டிஸ்கைத் தேர்ந்தெடுத்து மின்ட்டுக்குள் போங்கள். முதலில் நோயை உறுதி செய்துகொள்ளலாம். ‘சூடோ டெப்கான்ஃப்-ஷோ கிரப்-பிசி’ என்று கொடுங்கள். வரும் வரிகளில் ‘இன்ஸ்டால்_டிவைசஸ்’ என்று முடியும் வரிக்கு எதிரே நான் சொன்ன குறிப்பு இருக்கும். ‘ஏடிஏ’ என்று தொடங்கி மாடல் பெயர், சீரியல் எண் என்று நீளும். அது உங்கள் 500 ஜிபி டிஸ்கின் பெயர் என்றால் நான் சொன்னது சரி. எது எந்த டிஸ்க் என்று தெரியாவிட்டால் ‘எல்எஸ்பிஎல்கே -ஓ நேம்,சைஸ்,மாடல்’ என்று கொடுத்தால் அளவோடும் மாடல் பெயரோடும் வரும். கேடியில் இருக்கும் டிஸ்க்தான் எஸ்டிபி என்று ஊகிக்காதீர்கள். சில லேப்டாப்பில் அதுவே எஸ்டிஏ ஆக வந்து நிற்கும்.

அடுத்து ‘சூடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கிரப்-பிசி’. திரையில் சில கேள்விகள் வரும். கெர்னலுக்குக் கொடுக்க வேண்டிய கூடுதல் வார்த்தைகள் பற்றிய கேள்விகளில் இருப்பதை மாற்றாமல் என்டர் கொடுத்துத் தாண்டுங்கள். பிறகு டிஸ்குகளின் பட்டியல் வரும். அளவு எம்பியில் இருக்கும். 240057 எம்பி என்பது உங்கள் எஸ்எஸ்டி, 500107 எம்பி என்பது பழைய டிஸ்க். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சதுர அடைப்பு. உள்ளே நட்சத்திரக் குறி இருந்தால் தேர்வாகியிருக்கிறது என்று பொருள். அம்புக்குறி விசையால் எஸ்எஸ்டி வரிக்குப் போய் ஸ்பேஸ் பாரை அழுத்தி நட்சத்திரம் விழ வையுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். வரி நிறம் மாறியதும் தேர்வாகிவிட்டது என்று என்டரை அழுத்திவிடுகிறார்கள். நிறம் மாறுவது நீங்கள் அந்த வரியில் நிற்கிறீர்கள் என்பதற்கு மட்டும்தான் அடையாளம்.

டிஸ்குக்குக் கீழே பார்ட்டிஷன்களும் கோடு போட்டுத் தெரியலாம். அவற்றைத் தொட வேண்டாம், முழு டிஸ்கைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய டிஸ்குக்கு எதிரே உள்ள நட்சத்திரத்தை எடுப்பதா? உங்கள் நிலையில் எடுக்காமல் இரண்டையுமே விட்டுவிடச் சொல்வேன். இத்தனை வயதான லேப்டாப்பில் மதர்போர்டின் சிறு பேட்டரி தீர்ந்துபோனால் பயாஸ் பூட் வரிசையை மறந்துவிடும், எந்த டிஸ்கை முதலில் எடுக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டிலும் ஒரே கோர் இருந்தால் எதை எடுத்தாலும் மின்ட் வரும். அந்த டிஸ்கில் விண்டோஸ் இருந்திருந்தால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.

டேப் விசையால் ஓகேவுக்குப் போய் என்டர் கொடுத்ததும் பிழையில்லாமல் நிறுவியதாக இரண்டு டிஸ்குக்கும் தனித்தனியே செய்தி வர வேண்டும். மெனுக் கோப்பையும் அதுவே எழுதிவிடும். இப்போது ரீஸ்டார்ட் செய்து, எஃப்12இல் எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுத்துச் சோதியுங்கள். எஸ்எஸ்டி சரியாக பூட் ஆகும்வரை பழைய டிஸ்கைக் கழற்றிவிடாதீர்கள். மெனு தெரியாமல் நேராக மின்ட் வந்துவிட்டால் தொடங்கும்போது ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டால் மெனு வரும். அதன் தலைப்பில் ‘குனு கிரப்’ என்பதை அடுத்துப் பதிப்பு எண் இருக்கும். மின்ட் 20இல் அது 2.04. மின்ட் 21இல் 2.06 என்று காட்ட வேண்டும்.

கிரப் புதுப்பிப்பதற்கு முன் முதல் பார்ட்டிஷன் எங்கே தொடங்குகிறது என்றும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ‘சூடோ எஃப்டிஸ்க் -எல்’ கொடுத்தால் ‘ஸ்டார்ட்’ என்ற பத்தியில் தெரியும். 2048 என்று இருந்தால் கவலையில்லை, கோருக்கு ஒரு எம்பி அளவுக்கு இடம் இருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் பிரித்த டிஸ்குகளில் 63 என்று இருக்கும். அங்கே கிடைப்பது 31 கேபி. பழைய கிரப்புக்கு அது போதுமாக இருந்திருக்கலாம், புது பதிப்பின் கோர் அதில் அடங்காமல் போகலாம். இடம் போதவில்லை என்று எச்சரிக்கை வந்தால் ‘ஃபோர்ஸ்’ போட்டுத் திணிக்காதீர்கள். பார்ட்டிஷன் தொடக்கத்தை நகர்த்துவதே நல்லது. அதற்கு முன் டேட்டாவை பேக்கப் எடுத்துவிடுங்கள்.

எஃப்12 கைகொடுக்காமல், எந்த வழியிலும் பூட் ஆகாதவர்களுக்கு: மின்ட் பென் டிரைவில் பூட் செய்து, டிஸ்கில் உள்ள லினக்ஸ் பார்ட்டிஷனை மவுன்ட் செய்து, ‘டெவ்’, ‘ப்ராக்’, ‘சிஸ்’ மூன்று ஃபோல்டர்களையும் அதற்குள் பைண்ட் செய்து, ‘குரூட்’ மூலம் உள்ளே போய், மேலே சொன்ன ரீகான்ஃபிகர் கட்டளையை அங்கே கொடுக்க வேண்டும். உள்ளே போகாமல் வெளியிலிருந்தே ‘கிரப்-இன்ஸ்டால்’ கொடுக்கவும் முடியும். ஆனால் அப்படிச் செய்தால் பென் டிரைவில் உள்ள பதிப்பு டிஸ்கில் ஏறும். அவசரத்துக்கு அது போதும், பூட் ஆனபின் உள்ளிருந்து ஒருமுறை திரும்பச் செய்துவிட வேண்டும். பென் டிரைவை பயாஸ் முறையில்தான் பூட் செய்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். ‘சிஸ்’ ஃபோல்டருக்குள் ‘ஃபர்ம்வேர்’, அதற்குள் ‘இஎஃப்ஐ’ என்ற ஃபோல்டர் இருந்தால் புது கம்ப்யூட்டர்களின் யுஇஎஃப்ஐ முறையில் வந்திருக்கிறீர்கள். அந்த நிலையில் பயாஸ் லினக்ஸுக்குக் கிரப் போட முயன்று ஒரு மாலைப்பொழுதை வீணாக்குபவர்கள் நிறைய.

விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கேள்வி நியாயமானதே. பயாஸ் கம்ப்யூட்டரில் கிரப் பழையதாக இருப்பதால் பெரிய பாதுகாப்பு ஆபத்து இல்லை. 2020 ஜூலை 29 அன்று வெளியே வந்த ‘பூட்ஹோல்’ என்ற ஓட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். எக்லிப்ஸியம் என்ற நிறுவனம் கண்டுபிடித்தது. மெனுக் கோப்பைப் படிக்கும் இடத்தில் இருந்த பிழையைப் பயன்படுத்தி, கையொப்பமில்லாத பூட் லோடரை ஏறவிடாத செக்யூர் பூட் பாதுகாப்பையே தாண்டிவிடலாம் என்பதுதான் அதன் தீவிரம். செக்யூர் பூட்டே இல்லாத பழைய கம்ப்யூட்டருக்கு அதனால் புதிதாக இழக்க ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஓட்டையை அடைக்க வந்த அப்டேட் எல்லோருக்கும் போயிற்று. மெமரி ஒதுக்கும்போது கணக்கு எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ள ‘கிரப்_கல்லாக்’ என்ற புது ஃபங்ஷன் அதில் சேர்க்கப்பட்டது. புது மாட்யூல்கள் அதைக் கூப்பிட்டன. உங்களைப் போலவே, குறிப்பில் உள்ள டிஸ்க் ஒன்றும் பூட் ஆகும் டிஸ்க் வேறொன்றுமாக இருந்த டெபியன், உபுண்டு கம்ப்யூட்டர்களில் ‘கிரப்_கல்லாக் நாட் ஃபவுண்ட்’ என்று திரை நின்றது. அடி வாங்கியது பெரும்பாலும், அந்த ஓட்டையால் பாதிக்கப்படவே வாய்ப்பில்லாத பயாஸ் கம்ப்யூட்டர்கள்!

ஆகவே பழைய கிரப்பில் தப்பில்லை, அரைகுறையாக மாறிய கிரப்பில்தான் தப்பு. கோர், மாட்யூல் இரண்டும் சேர்ந்து பழையதாக இருந்தாலும் கம்ப்யூட்டர் பூட் ஆகும். டிஸ்க் பட்டியலில் எதையுமே தேர்ந்தெடுக்காமல், எங்கேயும் எழுத வேண்டாம் என்று உறுதி சொன்னால் இரண்டும் பழையபடியே இருக்கும். அதிலும் ஒரு கொக்கி உண்டு. மெனுக் கோப்பை எழுதுவது பேக்கேஜோடு வரும் புது புரோகிராம். பழைய கிரப்புக்குப் புரியாத கட்டளையை அது மெனுவில் எழுதிவிட்டால்? 2022 ஆகஸ்டில் ஆர்ச் லினக்ஸில் அதுதான் நடந்தது. ஆர்ச்சில் பேக்கேஜ் தானாக டிஸ்கில் எழுதாது, பயனர்தான் எழுத வேண்டும். யுஇஎஃப்ஐ செட்டப் வசதி இருக்கிறதா என்று விசாரிக்கும் வரி ஒன்று புது மெனுவில் இருந்தது. டிஸ்கில் இருந்த பழைய கிரப்புக்கு விசாரிக்கத் தெரியாது, செட்டப்புக்குப் போகத்தான் தெரியும். அதனால் லினக்ஸுக்குப் போக வேண்டிய கம்ப்யூட்டர்கள் ஒவ்வொரு முறையும் செட்டப் திரையிலேயே போய் நின்றன. ஃபெடோராவில் 2019இல் 30ஆம் பதிப்புக்கு மாறிய பயாஸ் பயனர்கள் சிலருக்கும் இதன் தம்பி மாதிரி ஒரு சிக்கல் வந்தது. மெனு எழுதும் முறையே மாறியிருந்தது, டிஸ்கில் இருந்த கிரப் மாறவில்லை, மெனு காலியாக வந்தது.

இதனால் என் தீர்ப்பு: தனியாக உட்கார்ந்து பூட் லோடரை மட்டும் அப்கிரேட் செய்ய வேண்டிய தேவை வீட்டு கம்ப்யூட்டருக்கு இல்லை. பேக்கேஜ் அதைச் செய்துகொள்ளட்டும். உங்கள் வேலை, அது எந்த டிஸ்கில் எழுதுகிறது என்ற குறிப்பைச் சரியாக வைத்திருப்பது. டிஸ்க் மாற்றினாலோ குளோன் செய்தாலோ, புது டிஸ்கில் முதல்முறை பூட் ஆன அன்றே அந்த ரீகான்ஃபிகர் கட்டளையைக் கொடுத்துவிட வேண்டும். கடைகளில் எஸ்எஸ்டி போட்டுத் தருபவர்கள் பூட் ஆகிறதா என்று பார்த்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். விண்டோஸுக்கு அது போதும், லினக்ஸுக்குப் போதாது. ஃபார்மட் அடிக்கலாம் என்ற உங்கள் கடைக்காரரின் யோசனை பலிக்கும்தான். ஆனால் நிறுவும்போது பூட் லோடருக்கான டிஸ்க் என்று கேட்கும் இடத்தில் அவர் கவனிக்காமல் முதல் டிஸ்கையே இருக்க விட்டுவிட்டால் இரண்டு வருடம் கழித்து இதே கடிதத்தை எனக்கு மறுபடி எழுதுவீர்கள்.

கேள்வி: என்னுடையது விண்டோஸ் 11உடன் வந்த புது லேப்டாப், கூடவே உபுண்டு போட்டிருக்கிறேன். 2024 ஆகஸ்டில் ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு உபுண்டு வராமல், ‘ஷிம் எஸ்பேட்’ என்று ஏதோ பாதுகாப்பு மீறல் செய்தி காட்டி அணைந்து போனது. செக்யூர் பூட்டை அணைத்துத்தான் ஓட்டுகிறேன். நானும் கிரப்பைத் திரும்பப் போட வேண்டுமா? 2026இல் சான்றிதழ் காலாவதி என்கிறார்களே, அப்போது மறுபடி நின்றுவிடுமா?

— வாசகி, திருவாரூர்

பதில்: உங்கள் சிக்கலுக்கும் மேலே உள்ளதற்கும் சம்பந்தமில்லை. யுஇஎஃப்ஐ லேப்டாப்பில் கிரப் ஒளிந்து கிடப்பதில்லை. ‘இஎஃப்ஐ’ பார்ட்டிஷனில் ‘உபுண்டு’ என்ற ஃபோல்டரில் சாதாரணக் கோப்பாக இருக்கும். செக்யூர் பூட்டுக்காகக் கையொப்பமிட்ட அந்தக் கோப்புக்குள்ளேயே வேண்டிய மாட்யூல்கள் எல்லாம் அடங்கியிருப்பதால் பதிப்பு முட்டிக்கொள்ளும் தொல்லையும் குறைவு. உபுண்டுவின் வழக்கமான அப்டேட்டே அதைப் புதுப்பித்துவிடும். கையால் ‘கிரப்-இன்ஸ்டால்’ கொடுக்க வேண்டியதில்லை. ஃபெடோராவில் கொடுத்தால் யுஇஎஃப்ஐயில் இதைப் பயன்படுத்தாதே என்று அதுவே மறுத்துவிடும்.

கிரப்புக்கு முன்னால் ஷிம் என்ற சிறு புரோகிராம் ஏறுகிறது. அதில் மைக்ரோசாஃப்ட் கையொப்பம் இருப்பதால் லேப்டாப் அதை நம்புகிறது, ஷிம் கிரப்பை நம்புகிறது. எஸ்பேட் என்பது இந்தக் கோப்புகளுக்கு இடும் தலைமுறை எண். இன்ன எண்ணுக்குக் கீழே உள்ளது ஓடக்கூடாது என்று ஃபர்ம்வேரில் ஒரு குறிப்பு இருக்கும். பூட்ஹோலுக்குப் பிறகு வந்த ஏற்பாடு இது. அந்த ஒரு ஓட்டைக்காக மட்டும் சுமார் 150 கோப்புகளைத் தடைப் பட்டியலில் சேர்க்க வேண்டியிருந்தது. பட்டியலுக்கு ஃபர்ம்வேரில் ஒதுக்கப்பட்ட இடத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அதிலேயே போயிற்று. இப்படியே போனால் கட்டாது என்றுதான் எண் முறைக்கு மாறினார்கள். 2024 ஆகஸ்ட் அப்டேட் இந்தக் குறைந்தபட்ச எண்ணை உயர்த்தியது. விண்டோஸோடு லினக்ஸும் உள்ள கம்ப்யூட்டர்களைத் தொடாது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது. உங்களுடையதைப் போன்ற பல கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் இருப்பதை அது கண்டுபிடிக்கவில்லை.

இப்போது செக்யூர் பூட் அணைந்த நிலையிலேயே உபுண்டுவுக்குள் போய் எல்லா அப்டேட்டையும் போடுங்கள், முக்கியமாக ‘ஷிம்-சைன்ட்’ பேக்கேஜ். பிறகு ‘சூடோ மோக்யூட்டில் --செட்-எஸ்பேட்-பாலிசி டிலீட்’ கொடுத்து, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து மறுபடி உபுண்டுவுக்கே வாருங்கள். அதற்குப் பின்தான் செக்யூர் பூட்டை இயக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் பலன் இல்லை. உங்கள் விண்டோஸ் டிஸ்க் பிட்லாக்கரில் பூட்டியிருந்தால் செக்யூர் பூட்டைத் தொடுவதற்கு முன் அதன் ரெக்கவரி கீயை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை விண்டோஸ் ஏறும்போது அதைக் கேட்கக்கூடும்.

காலாவதி பற்றி: ஷிம்மில் கையொப்பமிடப் பயன்பட்ட மைக்ரோசாஃப்டின் 2011ஆம் ஆண்டுச் சான்றிதழ் 2026 ஜூனோடு முடிகிறது, அதன் இடத்துக்கு 2023ஆம் ஆண்டுச் சான்றிதழ் வருகிறது. அன்றைக்கே லேப்டாப் நின்றுவிடாது. பூட் ஆகும்போது ஃபர்ம்வேர் பொதுவாகக் காலாவதித் தேதியைப் பார்ப்பதில்லை, இருக்கும் ஷிம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். புதுச் சான்றிதழில் மட்டும் கையொப்பமிட்ட ஷிம் வரும்போது, ஃபர்ம்வேருக்கு அந்தச் சான்றிதழ் தெரியாவிட்டால்தான் தகராறு. அதனால் ‘எஃப்டபிள்யூஅப்டிஎம்ஜிஆர் அப்டேட்’ என்ற கட்டளையிலோ உபுண்டுவின் ஃபர்ம்வேர் அப்டேட் செயலியிலோ வருவதைத் தள்ளிப்போடாமல் போட்டுவிடுங்கள்.

இரண்டாவது இயங்குதளம் மெனுவில் காணவில்லை என்று பலர் தனித்தனியே எழுதியிருக்கிறீர்கள். கிரப் 2.06இலிருந்து மற்ற இயங்குதளங்களைத் தேடும் ‘ஓஎஸ்-புரோபர்’ இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது. டெபியன் 12க்கு மாறியவர்களுக்கு விண்டோஸ் மறைவது அதனால்தான். ‘இடிசி’ ஃபோல்டருக்குள் ‘டிஃபால்ட்’, அதற்குள் உள்ள ‘கிரப்’ கோப்பில் ‘கிரப்_டிஸ்ஏபிள்_ஓஎஸ்_புரோபர்=ஃபால்ஸ்’ என்ற வரியைச் சேர்த்து (சமக்குறிக்கு முன் உள்ளதை மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தட்ட வேண்டும்), இங்கே மட்டும் ‘அப்டேட்-கிரப்’ கொடுங்கள். மெனு வேலைக்கு அதுதான் சரியான கட்டளை.

பூட் சிக்கல் பற்றி எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘வரவில்லை’ என்று மட்டும் எழுதாமல், பிழைத் திரையை மொபைலில் படம் எடுத்து அனுப்புங்கள். பயாஸா யுஇஎஃப்ஐயா, லேப்டாப்பில் எத்தனை டிஸ்க், எப்போதாவது டிஸ்க் மாற்றியதுண்டா, இந்த மூன்றையும் சேர்த்து எழுதினால் பதில் சீக்கிரம் கிடைக்கும்.